தோட்டக்காரன் ஒப்புக்கொண்ட புதன்கிழமை

மேடவாக்கத்தில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் போன மாதம் ஒரே துக்கம். யாரும் சாகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொலைத் தொடர் முடிந்துவிட்டதாம், முடிவு சரியில்லையாம். லிஃப்டில் அதே பேச்சு, தண்ணீர் லாரி வந்து நிற்கும்போதும் அதே பேச்சு. மூன்றாவது மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க போலீஸ்ல இருந்தவர்தானே? நீங்களே சொல்லுங்க, இப்படி முடிக்கலாமா? பத்து எபிசோட் கண்ணு முழிச்சுப் பார்த்தேன். கடைசில ஒருத்தன் வந்து 'நான்தான் பண்ணேன்'னு அழறான், அவ்ளோதான். சுத்தமா ஏமாத்திட்டாங்க அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சமாதானப்படுத்துவதற்காக ஒரு விஷயம் சொன்னேன். இதே மாதிரி ஒரு முடிவைப் பார்த்து ஒரு போலீஸ் ஸ்டேஷனே கொதித்துப் போனது உண்டு, எழுபதுகளின் கடைசியில், தாம்பரத்துப் பக்கம். அந்தக் கோபத்தில் ஒரு மனிதன் தப்பித்தான் என்றேன். "அப்படியே எழுதிக் கொடுங்க அங்கிள், அசோசியேஷன் பொங்கல் மலர்ல போட்டுடலாம்" என்றாள். எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. என் உத்தியோகத்தில் நான் செய்த பெரிய தப்பும் எழுதியதால் வந்ததுதான். ஸ்டேஷன் பெயரை மட்டும் கேட்காதீர்கள். மற்றதெல்லாம் சொல்கிறேன்.

என் பெயர் அருளப்பன். அறுபதுகளின் தொடக்கத்தில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். இடது பக்கம் திரும்பச் சொன்னபோது சில நாள் வலது பக்கம் திரும்பினேன், அதற்காக இன்னும் கொஞ்சம் ஓடினேன். துப்பாக்கி சுடும் அன்று நான் சுட்ட குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் பட்டு அவனுக்கு மெடல் வாங்கிக் கொடுத்தது. அதற்கப்புறம் ஐந்தாறு வருஷம் பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என்று ரோட்டில் நின்றேன், திருவிழாவுக்குப் போனேன், ரயில்வே கேட்டில் மாடு விரட்டினேன். சாதனை என்று சொல்ல எதுவும் இல்லை.

என் தலையெழுத்தை மாற்றியது ஒரு லீவு லெட்டர். கல்யாணம் ஒன்றுக்குப் போக மூன்று நாள் லீவு வேண்டும். கல்யாணம் என்றால் கொடுக்க மாட்டார்கள். அதனால் என் அத்தை காலமாகிவிட்டதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என்னைச் சின்ன வயசில் எடுத்து வளர்த்தது, கடைசி நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பக்கத்து வீட்டுப் பசு அன்று பால் கறக்க மறுத்தது வரைக்கும் எழுதினேன். அத்தை அதற்குப் பிறகு இருபது வருஷம் நன்றாக இருந்தார் என்பது வேறு விஷயம். அந்தக் கடிதத்தைப் படித்த எஸ்.ஐ. கண்ணைத் துடைத்துக்கொண்டு லீவு கொடுத்தார். நான் திரும்பி வந்ததும், "ரோட்டுல நிக்க வேண்டிய ஆளா நீ? உள்ள வந்து உக்காரு" என்று ஸ்டேஷன் ரைட்டர் ஆக்கிவிட்டார்.

ரைட்டர் என்றால் ஸ்டேஷனில் எழுதுகிற எல்லாவற்றையும் எழுதுகிற ஆள். யார் வந்தார், யார் போனார் என்கிற தினசரிப் பதிவு, புகார், சாட்சி சொன்னது, கோர்ட்டுக்குப் போகும் காகிதம், எல்லாம் என் கை. நான்கு தாள், நடுவில் மூன்று கார்பன். கடைசிப் பிரதியிலும் எழுத்து தெரிய வேண்டும் என்று அழுத்தி அழுத்தி என் வலது கை நடுவிரலில் விழுந்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

எழுதுவதற்கு ஒரு பாணி இருந்தது. கோவணத்தோடு வந்து நிற்பவன் "இன்னா சார், நான் ஒன்னும் பண்ல சார்" என்பான். காகிதத்தில் அவன், "நான் மேற்படி விலாசத்தில் கடந்த பத்து வருட காலமாகக் குடியிருந்து வருகிறேன்" என்று ஆரம்பிப்பான். அந்தப் பாணியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மற்ற ரைட்டர்கள் ஒப்புதல் வாக்குமூலத்தை "மேற்படி குற்றத்தைச் செய்தேன்" என்று மொட்டையாக முடிப்பார்கள். நான் அப்படி விடமாட்டேன். கடைசியில், "பண ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது. நான் செய்தது தவறு என்று இப்போது உணர்கிறேன்" என்று இரண்டு வரி சேர்ப்பேன். படித்தால் மனசு இளக வேண்டாமா? ஒருமுறை ஒரே நாளில் மூன்று பேரைக் கோர்ட்டில் நிறுத்தினோம். ஒருவன் சைக்கிள் திருடன், ஒருவன் கோழி, ஒருவன் குழாய் திருடன். மாஜிஸ்திரேட் மூன்று காகிதத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஏரியாவுல எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்களா?" என்று கேட்டார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் எங்களுக்கு எஸ்.ஐ.யாக வந்தவர் கோதண்டம். ஒல்லியான மனிதர், மீசை மட்டும் அவருடைய உடம்புக்குப் பெரியது. சட்டையில் கஞ்சி மடிப்பு கலையாமல் இருக்க நாற்காலியில் சாய மாட்டார். டீயை சாஸரில் ஊற்றி, மூன்று முறை ஊதி, மூன்று வாயில் குடிப்பார். பேனாவை மூடாமல் வைத்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். "பேப்பர் பேசணும்யா அருளப்பா. நாம பேசக் கூடாது, பேப்பர் பேசணும்" என்பது அவர் வேதவாக்கு. இவ்வளவு சொல்பவர் அந்தப் பேப்பரைப் படித்தாரா என்றால், இல்லை. முதல் வரி, கடைசி வரி, கையெழுத்து. நடுவில் இருப்பதை என்னிடம் விட்டுவிடுவார். நானும் அதை எனக்குக் கிடைத்த கௌரவமாக வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் எஸ்தர் டீச்சர் வீடு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டி.வி. வந்த புதிதில் அந்த வட்டாரத்தில் அவர் வீட்டில்தான் ஒன்று இருந்தது. மரப்பெட்டிக்குள் இருக்கும், இழுத்து மூடும் கதவு, அதற்கு ஒரு பூட்டு. திரைக்கு முன்னால் கண்ணுக்கு நல்லது என்று நீலக் கண்ணாடிக் காகிதம் மாட்டியிருப்பார். அதனால் நாங்கள் பார்த்த மனிதர்கள் எல்லோரும் நீல நிறம்.

அதில் புதன்கிழமை தோறும் மாலையில் ஒரு கொலை நாடகம் போட ஆரம்பித்தார்கள். எட்டு வாரம். பங்களாவில் ஒரு பணக்காரரை யாரோ குத்திவிட்டார்கள். கொன்றது யார் என்று ஒரு வக்கீல் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் டீச்சர் ஏதோ பேச்சுவாக்கில் கோதண்டம் சாரைக் கூப்பிட்டார். இரண்டாவது வாரம் அவரோடு நானும் போனேன். மூன்றாவது வாரம் பாரா நிற்கிற ஆளைத் தவிர ஸ்டேஷனே டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. டீச்சர் கண்டிப்பானவர். பூட்ஸ் வாசலோடு சரி. லத்தி எல்லாம் குடை வைக்கிற ஸ்டாண்டில். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். நடுவில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று வந்தால், அந்த நேரத்தில் தேங்காய் பிஸ்கட் வரும்.

கோதண்டம் சார் நாடகத்தை நாடகமாகப் பார்க்கவில்லை. கேஸாக எடுத்துக்கொண்டார். "அருளப்பா, இதுக்கு ஒரு டைரி போடு" என்றார். நானும் பழைய தாள்களின் பின்பக்கத்தில், ஒவ்வொரு வாரமும் யார் எங்கே இருந்தார், என்ன சொன்னார் என்று எழுதி நூல் போட்டுக் கட்டி வைத்தேன். சாருக்கு அண்ணன் மகன் மேல் சந்தேகம். டீச்சருக்கு டாக்டர் மேல். "அந்த டாக்டர் கை கழுவும்போது மோதிரத்தைக் கழட்டறதே இல்ல மிஸ்டர் கோதண்டம், ஹி இஸ் ஹைடிங் சம்திங்" என்பார். இரண்டு பேரும் பந்தயம் கட்டாத குறை.

எட்டாவது வாரம் வந்தது. அதே வாரத்தில்தான் பாய்லர் கேஸும் வந்தது.

இன்றைய பிள்ளைகளுக்குப் பாய்லர் தெரியாது. பித்தளையில் உயரமாக, நடுவில் கரி போடக் குழாய் வைத்து, குளிக்க வெந்நீர் போடுகிற பாத்திரம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நடந்த திருட்டில் பாதி பித்தளைதான். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் இருந்த பாய்லர் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் காணோம். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு அந்த வீட்டு அம்மா அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். காலை ஐந்தரைக்குக் கரி போடப் போனால் ஈரத் தரை மட்டும் இருந்தது.

தாசில்தார் சும்மா இருப்பாரா? செவ்வாய் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை வந்து, மேலதிகாரிகள் பெயரை எல்லாம் மாமன் மச்சான் மாதிரி சொன்னார். சந்தேகப்படும் ஆள் யார் என்றும் அவரே சொல்லிவிட்டார். இரண்டு நாள் முன்னால் வீட்டில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்த ஏழுமலை. பாய்லரைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனமா கீது சாமி" என்று சொன்னானாம். அது போதாதா?

புதன் காலை ஏழுமலையை அவன் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். முப்பது வயசு இருக்கும். புகையில் சிவந்த கண். பின்னாலேயே அவன் மனைவி செல்லம்மா, இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தையோடு வந்து ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள். நாள் முழுக்க நின்றாள்.

"சார், நான் எட்க்கல சார். திங்கக்கெழம சாயங்காலமே நாங்க குன்றத்தூர் போய்ட்டோம். கிருத்திக. கொயந்தைக்கு மொட்ட. ராவிக்கு அங்கியே படுத்துகினு, மறுநாளுதான் சார் வந்தோம்" என்றான் ஏழுமலை.

"பாய்லர் காணாப்போனா எல்லாரும் கோயில்லதான்யா இருப்பீங்க" என்றார் கோதண்டம் சார். இரண்டு அறை விட்டார். அவர் அதிகம் அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த இரண்டு அறையை அவரும் தப்பென்று நினைக்கவில்லை, எங்களில் யாரும் நினைக்கவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, இருந்தது இப்படித்தான். மத்தியானம் வரை உட்கார வைத்தோம். ஏட்டு ஒருவர் அவன் காதில், ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று ஓதினார். மூன்று மணிக்கு ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சரி சார். எய்திக்கோங்க."

எழுதிக்கொள்ளச் சொன்னால் கேட்க வேண்டுமா? நான் எழுதினேன். நான்கு பக்கம். பின்கட்டுச் சுவரை ஏறிக் குதித்ததாக எழுதினேன். நிலா வெளிச்சத்தில் பளபளத்த பாய்லரைக் கண்டு மனம் தடுமாறியதாக எழுதினேன். அதைத் தோளில் சுமந்து போய்ப் பல்லாவரம் சந்தைப் பக்கம் முன்பின் தெரியாத நபர் ஒருவரிடம் விற்றதாக எழுதினேன். கடைசியில் என் இரண்டு வரி. ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. கட்டைவிரலை மையில் வைத்து, நான் காட்டிய இடத்தில் அழுத்தினான்.

போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று சட்டம் இருக்கிறது. திருடின பொருளை அவன் காட்டி, நாம் எடுத்தால்தான் கேஸ் நிற்கும். அதற்குப் பெயர் ரெக்கவரி. எங்களிடம் ரெக்கவரி இல்லை. ஆனால் இந்த மாதிரி ஆள் கோர்ட்டில் நின்று எதிர்த்துப் பேச மாட்டான். யாராவது சொல்வார்கள், அங்கேயும் ஒத்துக்கொண்டு தலையாட்டுவான், சில மாதம் உள்ளே போவான். அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. பெயர் கேடி லிஸ்டில் ஏறிவிடும். அப்புறம் செங்கல்பட்டு வரைக்கும் எவன் வீட்டில் சொம்பு காணாமல் போனாலும் முதலில் ஏழுமலையைத்தான் தூக்குவார்கள். ஈயம் பூசக் கூப்பிட ஒரு வீடு இருக்காது. அந்த ஆளுக்கும், வாசலில் நிற்கிற பெண்ணுக்கும், குழந்தைக்கும் அதோடு சரி. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அன்று என் கவலை எல்லாம் ஆறரை மணிக்குள் காகித வேலையை முடித்துவிட்டு டீச்சர் வீட்டில் முன்வரிசையில் இடம் பிடிப்பது.

கையெழுத்து மட்டும் பாக்கி. கைது என்று இன்னும் பதிவில் ஏற்றவில்லை. "வந்து போடறேன், காலையில கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கோதண்டம் சார் புது சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கடைசி வாரம் அல்லவா!

டீச்சர் அன்று கேக் செய்திருந்தார். வக்கீல் எல்லோரையும் பங்களா ஹாலில் வரிசையாக நிற்க வைத்தார். அண்ணன் மகனைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டென்று திரும்பிக் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் நின்றது தோட்டக்காரன்.

ஏழு வாரத்தில் அவன் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அவன் அப்படியே முழங்காலில் விழுந்து அழுதான். "ஆமாங்கய்யா, நான்தான்! பண ஆசை என் கண்ணை மறைச்சுட்டுது! நான் செஞ்சது தப்புன்னு இப்ப உணருறேன்!" மேளச் சத்தம். முடிந்தது. வயலும் வாழ்வும் மாதிரி ஏதோ ஒன்று ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "ஓவ்! வாட் நான்சென்ஸ்!" என்று டீச்சர் கேக் தட்டைப் பெட்டி மேல் டக்கென்று வைத்தார். கோதண்டம் சார் பாயிலிருந்து எழுந்தே விட்டார்.

"அருளப்பா, டைரிய எடு. கொலை நடந்த அன்னிக்குத் தோட்டக்காரன் எங்க இருந்தான்னு மூணாவது வாரம் சொன்னாங்க?"

"மதுரையில சார். தங்கச்சி கல்யாணத்துக்கு."

"மதுரையில இருந்தவன் இங்க வந்து எப்படிய்யா குத்துவான்? அதை எவனாவது விசாரிச்சானா? கத்தி எங்க? காணாமப்போன நகை எங்க? ஒரு ரெக்கவரி உண்டா? ஒத்துக்கிட்டானாம், முடிஞ்சுதாம்! அழுதுட்டா கொலைகாரனா? ஏழை ஒருத்தன் கையில கெடச்சான், அவன் தலையில கட்டிட்டான். அதுவும் என்ன பேச்சு பேசறான் பாரு, 'பண ஆசை கண்ணை மறைச்சிடுச்சு'! தோட்டக்காரன் இப்படியா பேசுவான்? எந்த மடையன்யா இதை எழுதினான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மடையன் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவனுக்குத் தம்பி ஒருவன் அதே கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். அத்தனை வருஷமாக நான் தேன் மாதிரி நினைத்திருந்த அந்த இரண்டு வரியை அடுத்தவன் வாயில் கேட்டபோது எவ்வளவு பொய்யாக இருந்தது! வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மேஜை மேல் நான்கு பக்கம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. சார் படிக்க மாட்டார் என்று தெரியும். ஆனால் கடைசி வரியை மட்டும் படிப்பார் என்பதும் தெரியும்.

ஸ்டேஷனுக்கு நடந்து வரும் வழியெல்லாம் சார் திட்டிக்கொண்டே வந்தார். நானாகச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். தைரியம் வரவில்லை. ஒரு ரைட்டர் எஸ்.ஐ.யிடம், "சார், நான் எழுதினது கதை சார்" என்று எப்படிச் சொல்வான்?

அவர் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். முதல் வரியைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "பண ஆசை... என் கண்ணை..."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது அவன் சொன்னதா?"

"இல்ல சார்."

"அவன் என்ன சொன்னான்?"

"'சரி சார், எய்திக்கோங்க'ன்னு சொன்னான் சார்."

"அவ்ளோதானா?"

"அதுக்கு முன்னாடி 'நான் எட்க்கல சார், குன்றத்தூர்ல இருந்தோம்'னு சொன்னான். அதை நான் எழுதல சார்."

கோதண்டம் சார் அன்றுதான் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தார். கஞ்சி மடிப்பு போனால் போகட்டும் என்று சாய்ந்தார். நான்கு பக்கத்தையும் ஆரம்பத்திலிருந்து படித்தார். "நிலா இருந்துச்சாய்யா அன்னிக்கு?" என்று கேட்டார்.

"கவனிக்கல சார்."

"நீதானய்யா எழுதியிருக்க."

ஜன்னல் வழியாக அவர் வெளியே பார்த்தார். வேப்பமரத்தடியில், விளக்கு வெளிச்சத்தில், செல்லம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. காலையிலிருந்து நாங்கள் பத்துப் பேர் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கிறோம். ஒரு கான்ஸ்டபிள் கன்னத்தைக் கூடக் கிள்ளினார். அதன் தலை மொழுமொழுவென்று மொட்டை. அதன்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எங்கள் கேஸுக்கு வேண்டிய சாட்சி காலை பத்து மணியிலிருந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது எப்போது அடித்த மொட்டை என்று கேட்கத் தோன்றவில்லை.

"நாளைக்குக் காலையில முனுசாமிய குன்றத்தூர் அனுப்பு" என்றார் சார். பேனாவை மூடினார். ஏழுமலைக்கும் அவன் மனைவிக்கும் சாப்பாடு வாங்கி வரச் சொன்னார். அவளை எஸ்தர் டீச்சர் வீட்டு வராந்தாவில் படுக்க வைக்கவும் ஏற்பாடு செய்தார்.

கான்ஸ்டபிள் முனுசாமி விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிப் போய் பத்தரை மணிக்குத் திரும்பி வந்தார். மொட்டை அடிக்கிற சீட்டின் அடிக்கட்டையைக் கோயிலில் பார்த்திருக்கிறார். செவ்வாய் விடிகாலையில் முதல் வரிசைச் சீட்டு. அடிவார மண்டபத்தில் திங்கள் இரவு குடும்பத்தோடு படுத்திருந்ததைப் பூக்காரம்மா சொன்னார். மொட்டை அடித்தவருக்கோ கேட்ட உடனே ஞாபகம் வந்துவிட்டதாம். அந்தக் குழந்தை அவர் விரலைக் கடித்துவிட்டது. முனுசாமி எல்லாவற்றையும் என்னிடம் சொல்ல, நான் எழுத உட்கார்ந்தேன். "மேற்படி நபரின் வலது ஆள்காட்டி விரலில்" என்று ஆரம்பித்ததை அடித்துவிட்டேன். "குழந்தை கடித்த இடத்தைக் காட்டினார். இரண்டு பல் பதிந்திருந்தது" என்று எழுதினேன். ரைட்டராக நான் எழுதிய முதல் நேரான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நேற்றைய நான்கு பக்கத்தையும், மூன்று கார்பன் பிரதியையும் கோதண்டம் சார் தானே கிழித்தார். கேஸில், துப்புக் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னார். தாசில்தார் மேலே பெட்டிஷன் போட்டார். மேலேயிருந்து ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று மெமோ வந்தது. அதற்கு நான் எழுதிய பதில் மூன்றே வரி, சார் மூன்று வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாய்லர் இன்றுவரை கிடைக்கவில்லை. இதை எல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை அந்தக் கேஸ் முடிந்தது அன்று வியாழன் மத்தியானம், ஸ்டேஷன் படிக்கட்டில்.

சார், புதன் காலை வாங்கி வைத்திருந்த ஏழுமலையின் வேட்டி, துருத்தி, இடுக்கி எல்லாவற்றையும் எண்ணிக் கொடுக்கச் சொன்னார். தானே வாசல் வரை வந்தார். "தப்பா நெனச்சுக்காதப்பா. போலாம் நீ" என்றார். போலீஸ் சட்டையில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை.

ஏழுமலை இறங்கினான். இரண்டு படி இறங்கியவன் நின்றான். திரும்பினான். பயம் போய் அவன் முகத்தில் வேறு ஒன்று வந்திருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். முந்தின நாள் மாலை டீச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முகத்திலும் பார்த்த அதே முகம்.

"சார், அப்போ அந்த பாய்லர எட்த்தது யாரு?"

கோதண்டம் சார் மீசையைத் தடவினார். "தெரியலப்பா."

"இன்னா சார் நீங்க!" ஏழுமலைக்கு மனசு ஆறவில்லை. "ஒரு நாளு பூரா உள்ள வச்சிகினு, அடிச்சி, எய்தி, ரேகை வாங்கிகினு, கடசீல தெரியலன்றீங்களே சார்! யாருன்னு ஒரு பேராவது சொல்ல வேணாமா?"

செல்லம்மா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்து, புருஷன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியலன்னு சொல்றப்பவே கெளம்புய்யா வூட்டுக்கு. நின்னுகினு கேட்டுகினே இருந்தா அவுங்க மறுபடியும் யோசிப்பாங்க. யோசிச்சா உம் பேருதான் அவுங்களுக்கு நெனப்பு வரும்."